விரிப்பைத் தூக்கிக் காட்டிய பின் விலை பேசுங்கள்

‘குதிரை வண்டி’ என்றதும் நமது மனக்கண்ணில் வருவது குதிரை இழுக்கும் வண்டிதான். இங்கே பேசப்போவது அதற்கு நேர்மாறானது. குதிரை சும்மா நிற்க, எஞ்சின் அதைச் சுமந்து செல்லும் வண்டி இது. பிரித்தானியாவில் இதற்கு ‘ஹோர்ஸ்பொக்ஸ்’ என்று பெயர். லொறி உருவிலும் வரும், வேன் உருவிலும் வரும். காரின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் ட்ரெய்லராகவும் வரும். நமது நாட்டில் ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போனவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இப்படியொரு வாகனத்தோடு தொடர்பு இருக்க நியாயமில்லை. ஆனால் பிரித்தானியக் கிராமப்புறங்களில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் பழக்கும் குடும்பங்களின் முற்றங்களில் இதைச் சாதாரணமாகக் காணலாம். பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழகம் போனதும் குதிரையும் போகும், வண்டியும் விற்பனைக்கு வரும். பாவித்த ஹோர்ஸ்பொக்ஸ் வியாபாரம் அங்கே ஆண்டு முழுவதும் நடக்கின்ற ஒன்று.

‘அதனால் எமக்கென்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். பாவித்த வேனையோ மோட்டார் சைக்கிளையோ விற்காத குடும்பம் நம்மிடையே குறைவு. விற்கும்போது எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற தடுமாற்றம் எல்லோருக்கும் வருகிறது. அந்தத் தடுமாற்றத்தை இந்தக் குதிரை லொறியைப் போல வெளிச்சம் போட்டுக் காட்டும் பொருள் வேறில்லை என்பது என் எண்ணம். ஏனெனில் இந்தப் பேரத்தில் மூன்று பேர் சம்பந்தப்படுகிறார்கள். விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். மூன்றாவது, வாயில்லாத பிராணி. அது விலை பேசும் இடத்துக்கு வருவதுமில்லை, கேள்வி கேட்பதுமில்லை. ஆனால் மறைத்த குறை வெளிப்படும் நாளில் முதலில் கால் முறிவது அதற்குத்தான்.

குதிரையை வண்டியில் ஏற்றும் வழக்கம் பிரபலமான கதை சுவையானது. 1836ஆம் ஆண்டு அது நடந்தது. அக்காலத்தில் பந்தயக் குதிரைகள் ஓடவேண்டிய ஊருக்கு நடந்தே போயின. இங்கிலாந்தின் தெற்கே குட்வுட் என்ற இடத்தில் நின்ற ‘எலிஸ்’ என்ற குதிரை, வடக்கே டொன்காஸ்டரில் நடைபெறும் செயின்ட் லெஜர் பந்தயத்தில் ஓட இருந்தது. இடையில் 200 மைலுக்கு மேற்பட்ட தூரம். பந்தயத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது குதிரை இன்னும் தெற்கிலேயே நிற்கிறது என்று கேள்விப்பட்டவர்கள், இனி அது வந்து சேராது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஜோர்ஜ் பென்டிங்க் பிரபுவோ முன்கூட்டியே ஒரு பெரிய பெட்டி வண்டியைச் செய்வித்து வைத்திருந்தார். ஆறு குதிரைகள் அந்த வண்டியை இழுக்க, எலிஸ் உள்ளே நின்றபடி களைப்பின்றி டொன்காஸ்டர் வந்து சேர்ந்தது, பந்தயத்திலும் வென்றது. பிரபுவின் நோக்கம் பந்தயப் பணம். அந்தச் சூதாட்டத்தை நாம் பாராட்ட முடியாது. ஆனால் ஒரு பிராணியின் கால்களை மிச்சப்படுத்த இன்னொரு வண்டி என்ற யோசனை அதன் பின் நிலைத்துவிட்டது.

இப்போது நீங்களே அந்நாட்டில் வசிப்பதாகவும், உங்களிடம் ஒரு பழைய ஹோர்ஸ்பொக்ஸ் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். விற்க வேண்டும். என்ன செய்வீர்கள்? கழுவுவீர்கள். கீறல்களுக்கு வர்ணம் பூசுவீர்கள். சாரதி ஆசனத்துக்குப் பின்னாலுள்ள சிறிய தங்குமிடத்தில், அதாவது கட்டிலும் அடுப்பும் கைகழுவும் தொட்டியும் உள்ள பகுதியில், புதுத் திரைச்சீலை போடுவீர்கள். வாங்க வருகிறவர்களும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். வீட்டம்மா அடுப்பைப் பார்ப்பார், பிள்ளை கட்டிலில் ஏறிக் குதிக்கும். குதிரை நிற்கும் இடத்தைக் கடைசியில் எட்டிப் பார்த்துவிட்டு ‘சுத்தமாக இருக்கிறது’ என்பார்கள்.

சுத்தமாகத்தான் இருக்கும். மேலே விரித்திருப்பது இறப்பர் அல்லவா?

குதிரை நிற்கும் தளம் பெரும்பாலான வண்டிகளில் மரப்பலகை அல்லது பிளைவூட். சிலவற்றில் அலுமினியம். குதிரை வழுக்காமலிருக்கவும், குளம்பு பலகையைச் சிதைக்காமலிருக்கவும் அதன் மேல் தடித்த இறப்பர் விரிப்பைப் போடுவார்கள். குதிரையின் சிறுநீர் விரிப்பின் ஓரங்களால் வடிந்து கீழே இறங்கும். இறங்கியது காய வழியில்லை, மேலே இறப்பர் மூடிக்கொண்டிருக்கிறது. அதோடு வீதியிலிருந்து தெறிக்கும் மழைநீரும், குளிர்காலத்தில் பனியைக் கரைக்க வீதியில் தூவும் உப்பும் கீழ்ப்புறத்திலிருந்து தாக்கும். சில வருடங்களில் பலகை உக்கத் தொடங்கும். பிளைவூட்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மேல் அடுக்கு நன்றாகத் தெரியும், உள்ளடுக்குகள் ஊறிப்போன பிஸ்கட் போலாகியிருக்கும். அலுமினியம் உக்காது என்று நினைப்பவர்களும் ஏமாறுகிறார்கள். சிறுநீர் அதையும் அரிக்கும். இரும்புச் சட்டத்தோடு அலுமினியம் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அரிப்பு இன்னும் விரைவு. வெள்ளைப் பொடி கொட்டினால் அதுதான் அடையாளம்.

சவாரிக் குதிரை ஒன்றின் நிறை 500 முதல் 600 கிலோ வரை இருக்கும். அவ்வளவு பாரமும் நான்கு குளம்புகளில் நிற்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அந்தப் பாரம் ஒரு பக்கக் கால்களுக்கு மாறும். உக்கிய பலகை வண்டி நிற்கும்போது உடைவதில்லை. ஓடும்போதுதான் உடையும். அப்படி உடைந்து, ஓடும் வண்டிக்குக் கீழே தார்வீதியில் குதிரையின் கால் இறங்கிய கொடுமைகள் நடந்திருக்கின்றன. சாரதிக்கு உடனே தெரியவும் வராது. வண்டி ஆடுவதும் குதிரை காலை உதைப்பதும் வழமையான சத்தங்கள்தானே.

அரசாங்கப் பரிசோதனை இதைப் பிடித்துவிடாதா என்று கேட்கலாம். பிரித்தானியாவில் வாகனங்களுக்கு வருடாந்தப் பரிசோதனை உண்டு. பிரேக், விளக்கு, டயர், சட்டம், புகை எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் விரிப்பைப் புரட்டி, குதிரை நிற்கும் பலகையைக் குத்திப் பார்ப்பதற்கு ஏற்பட்ட பரிசோதனை அல்ல அது. காரால் இழுத்துச் செல்லும், 3500 கிலோவுக்கு உட்பட்ட ட்ரெய்லர்களின் நிலை இன்னும் மோசம். அவற்றுக்கு அங்கே வருடாந்தப் பரிசோதனையே கிடையாது. இருபது வருடம் பழைய ட்ரெய்லரின் தளம் எப்படியிருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் அதை வைத்திருந்தவரின் வாய்ச்சொல் மட்டுமே.

ஆகவே விற்பவர் முதலில் செய்யவேண்டியது திரைச்சீலை வாங்குவதல்ல. விரிப்பைக் கழற்றி வெளியே போடுவது. பாரமான வேலைதான், இரண்டு பேர் வேண்டும். பின்பு பலகையைக் கழுவிக் காயவிட்டு, திருப்புளியால் ஓரங்களிலும் மூலைகளிலும் குறுக்குச் சட்டங்கள் வரும் இடங்களிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். நுனி இறங்கினால் பலகை போய்விட்டது. தட்டிப் பார்த்தாலும் தெரியும். நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும், உக்கியது தொப்பென்னும். பிறகு கீழே படுத்துப் பார்க்க வேண்டும். ஏறுபலகைக்கும் இதே சோதனைதான். அதைத் தூக்க உதவும் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால், தூக்கும் பெண்பிள்ளையின் முதுகு போகும், கைவிட்டால் கீழே நிற்கும் குழந்தையின் தலை போகும்.

தளம் உக்கியிருந்தால் இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. புதிதாகப் போட்டு, போட்டதற்கான பற்றுச்சீட்டையும் வேலை நடக்கும்போது எடுத்த படங்களையும் வாங்குபவரிடம் கொடுப்பது ஒன்று. ‘தளம் மாற்ற வேண்டும், மாற்றும்வரை குதிரை ஏற்றக்கூடாது’ என்று எழுதியே குறைந்த விலைக்கு விற்பது மற்றது. மூன்றாவது வழியொன்றும் இருக்கிறது, அதைத்தான் பலர் எடுக்கிறார்கள். புது விரிப்பு வாங்கி ஓரமெல்லாம் பசை போட்டு ஒட்டிவிடுவது. அடிப்புறத்துக்குக் கறுப்பு மை போன்ற பூச்சை அடித்துவிடுவது. விற்பனைக்கு முன் வாரம் அடித்த பூச்சு பளபளவென்றிருக்கும். வாங்குகிறவர்கள் அந்தப் பளபளப்பைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

தளத்துக்கு அடுத்தபடியாகக் கண்ணுக்குத் தெரியாத குறை, நிறை. நான் சொல்வது கிலோ கணக்கு. இதில் விற்பவர்களே பலர் அறியாமல் இருக்கிறார்கள்.

வேன் உருவில் வரும் சிறிய ஹோர்ஸ்பொக்ஸ்களில் பெரும்பாலானவை 3500 கிலோ வகை. வண்டியும் அதிலுள்ள சகலமும் சேர்ந்து அந்த நிறையைத் தாண்டக்கூடாது. விளம்பரத்தில் ‘இரண்டு குதிரை வண்டி’ என்றிருக்கும். உள்ளே இரண்டு குதிரைக்கு இடமும் இருக்கும். கணக்குப் பார்ப்போம். வெறும் வண்டி 2500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 1000. சாரதியும் கூட வருபவரும் 150. சேணம், வைக்கோல், தண்ணீர், சில்லறைச் சாமான்கள் 100. மிச்சம் 750 கிலோ. ஒரு குதிரை 550 என்றால் தாராளமாகப் போகலாம். இரண்டு குதிரை என்றால் 1100. சட்டம் அனுமதித்ததைவிட 350 கிலோ அதிகம். இரண்டு சிறிய போனிகளானால் சரிவரலாம், இரண்டு பெரிய குதிரைகள் ஒருபோதும் வராது.

அதிக பாரத்தோடு பிடிபட்டால் அபராதம் மட்டுமல்ல, வண்டியை மேற்கொண்டு ஓட்டவே விடமாட்டார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில், இரண்டு குதிரைகளோடு, இன்னொரு வண்டி வரும்வரை நிற்பதை யோசித்துப் பாருங்கள். பிடிபடாவிட்டால் அதைவிட மோசம், பிரேக் நேரத்துக்குப் பிடிக்காது. இதற்குப் பரிகாரம் மிக எளிது. லொறிகளை நிறுக்கும் பெரிய தராசு எந்தப் பிரதேசத்திலும் இருக்கும். எண்ணெய்த் தாங்கியை நிரப்பி, வெறும் வண்டியை ஏற்றி நிறுத்து, அந்தத் துண்டை வாங்குபவர் கையில் கொடுத்துவிடலாம். சில பவுண்கள்தான் செலவு. இதைச் செய்யாமல் ‘நாங்கள் எப்போதும் இரண்டு குதிரை ஏற்றியிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை’ என்பது பதிலல்ல.

பெரிய வண்டி வேண்டுமென்றால் 7500 கிலோ வகை லொறி இருக்கிறது. அதை விற்பதில் வேறொரு சிக்கல். 1997 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் கார் ஓட்டும் பரீட்சையில் சித்தியடைந்தவர்களுக்கு அந்த வகை லொறியையும் ஓட்டும் உரிமை கூடவே கிடைத்தது. அத்திகதிக்குப் பின் சித்தியடைந்தவர்கள் அதற்கென்று தனியாகப் பரீட்சை எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். 1996இல் 17 வயதில் சித்தியடைந்தவருக்கு இன்று நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. எழுபது வயதானால் அந்த உரிமையைத் தக்கவைக்க வைத்தியப் பரிசோதனை வேண்டும். ஆக, பழைய பெரிய லொறியை வாங்கி உடனே ஓட்டிப்போகக் கூடியவர்களின் தொகை இரு முனையிலும் கரைந்து வருகிறது. மறுபுறம், 2021 டிசம்பர் 16 முதல், 1997க்குப் பின் சித்தியடைந்தவர்களும் தனிப் பரீட்சையின்றி 3500 கிலோ வரையிலான ட்ரெய்லரை இழுக்கலாம் என்று சட்டம் மாறியது. பெரிய லொறியை வைத்துக்கொண்டு ‘நான் வாங்கிய விலை இது’ என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

இலண்டனுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2023 ஆகஸ்ட் 29 முதல் இலண்டன் மாநகரின் எல்லாப் பகுதிகளிலும் புகைக் கட்டுப்பாடு விரிந்துவிட்டது. 3500 கிலோவுக்குட்பட்ட டீசல் வண்டி ‘யூரோ 6’ தரத்தில் இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்டணம். அதைவிடப் பாரமான லொறிகளுக்குத் தனித் திட்டமும் இன்னும் பெரிய கட்டணமும். எஞ்சின் எந்தத் தரம் என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. எழுதாமல் விட்டால் வாங்குபவர் வீட்டுக்குப் போன பின் கண்டுபிடிப்பார், தொலைபேசி அடிப்பார்.

டயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த வண்டிகள் வருடத்தில் அதிக நாட்கள் சும்மா நிற்பவை. டயரின் பூ தேயாமலே இருக்கும், ஆனால் இறப்பர் வெடித்துப் போயிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. 2021 பெப்ரவரி முதல் பாரலொறிகளின் முன் சில்லுகளில் பத்து வருடம் கடந்த டயர் பாவிப்பது அங்கே தடை. இது நமது வீட்டு முற்றத்தில் நிற்கும் வேனிலும் பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம்.

உரிமைப் பத்திரங்களில் ஒரு மயக்கம் இருக்கிறது. ‘வீ5சீ’ எனப்படும் அவர்களது பதிவுப் புத்தகத்தில் இருப்பது வண்டியை வைத்திருப்பவரின் பெயர், அது சொந்தக்காரர் என்பதற்கு அத்தாட்சியல்ல. அந்தப் புத்தகத்திலேயே அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது. கடனுக்கு வாங்கிய வண்டியாக இருந்தால் கடன் தீரும்வரை உண்மையான சொந்தக்காரர் நிதிக் கம்பனி. நமது நாட்டில் லீசிங் கம்பனியின் பெயர் பதிவுச் சான்றிதழிலேயே முழு உரிமையாளராக விழுந்துவிடும். அங்கே விழாது, தனியாகக் கட்டணம் செலுத்தித் தேடிப்பார்க்க வேண்டும். விற்பவர் தானாகவே கடன் தீர்த்த கடிதத்தைக் காட்டிவிட்டால் அந்தச் சந்தேகம் எழாது. ட்ரெய்லர்களுக்குப் பொதுவாகப் பதிவே இல்லை என்பதால் திருட்டு அதிகம். தயாரிப்பாளர் அடித்த தகட்டிலுள்ள இலக்கம் ஒன்றுதான் அடையாளம். அது சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கக்கூடாது.

சரி, இத்தனையையும் விற்பவர் சொல்லாமல் விட்டால் அந்நாட்டுச் சட்டம் என்ன செய்யும்? வியாபாரியாக இருந்தால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அவரைப் பிடிக்கும். குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். தனிப்பட்ட ஒருவர் தன் வீட்டு வண்டியை விற்றால் நிலைமை வேறு. விற்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும், சொன்ன விவரணத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும், பொய் சொல்லக்கூடாது. வீதியில் ஓடத் தகுதியற்ற வண்டியை விற்பது 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம், அது தனியாருக்கும் பொருந்தும். மற்றப்படி தரத்துக்கு அவர் பொறுப்பல்ல. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயமும் பெரும்பாலும் இல்லை. ‘பார்த்தபடி விற்கப்படுகிறது’ என்று ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். விரிப்பை ஒட்டிவிட்டு, பார்த்தபடி!

மௌனத்துக்கு இடம் கொடுக்கும் இந்த இடத்தில்தான் நமது பிக்ஹு நூல்கள் வேறு வழியில் போகின்றன. மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் உங்களுக்குத் தெரியும். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்றுதான் அவரிடம் கேட்கப்பட்டது. கவனியுங்கள், அந்த வியாபாரி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மழையையும் அவர் பெய்விக்கவில்லை. காய்ந்ததை மேலே வைத்ததுதான் பிரச்சினை. பால் கறக்காமல் மடியைப் பெருக்க விட்டு ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பவர் விஷயத்திலும் அப்படித்தான். அவரும் வாய் திறப்பதில்லை, மடி பேசுகிறது. வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை மூன்று நாட்களுக்கு உண்டு.

‘எல்லாக் குறைகளுக்கும் நான் பொறுப்பல்ல’ என்று நிபந்தனை போட்டு விற்றால்? இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதற்குத் தீர்ப்பு இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் வலுவான கருத்தின்படி, பிராணியின் உள்ளே மறைந்திருக்கும், விற்பவரே அறிந்திராத குறைக்கு மட்டும்தான் அந்த நிபந்தனை அவரைக் காக்கும். வேறெதற்கும் காக்காது. காரணம் நியாயமானது. பிராணி தின்னும், குடிக்கும், உள்ளே நோயை வைத்துக்கொண்டு வெளியே தேகாரோக்கியமாகத் தெரியும். அதன் சொந்தக்காரரே ஏமாறக்கூடும். பலகையும் இரும்பும் அப்படியல்ல, பார்க்க நினைத்தால் பார்த்துவிடலாம். இந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒருவராவது ‘எஞ்சினையும் பிராணி மாதிரி எடுத்துக்கொள்ள முடியாதா ஹஸ்ரத்?’ என்று கேட்பது வழக்கம். கேட்கிறவரின் வாப்பாவுக்கு வாகன வியாபாரம் இருக்கும். ஹோர்ஸ்பொக்ஸைப் பொறுத்தவரை குதிரைக்கு உள்ள சலுகை குதிரை நிற்கும் பலகைக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இமாம் நவவி அவர்கள் வபாத்தானது 1277ஆம் ஆண்டு. அதே நூற்றாண்டின் இறுதியில் நமக்கு எதிர்க்கரையில், பாண்டிய நாட்டில், அரபுக் குதிரை வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. இராவுத்தர் என்ற பெயருக்கே குதிரை வீரர் என்றுதானே பொருள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் அந்த வியாபாரத்தின் ஒப்பந்தத்தைப் பதிந்திருக்கிறார். கைஸ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகளை அனுப்ப வேண்டும். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். குதிரை இறந்துபோனாலும் அதன் விலை அரச கருவூலத்திலிருந்தே வரும். அதாவது கடலில் குதிரையை எப்படி நிறுத்தினாலும், எந்தப் பலகையில் நிறுத்தினாலும், விற்பவருக்கு நட்டமில்லை. அதே காலத்தில் அக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்பட்டும் பராமரிப்புத் தெரியாததால் வருட முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் அங்கே வராதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். பயணிகள் எழுதுவதில் மிகை இருக்கும். ஆனாலும் நட்டம் யார் தலையில் விழும் என்பதைப் பொறுத்தே குதிரையின் உயிருக்குக் கவனம் கிடைத்தது என்பது விளங்குகிறது. அந்த வியாபாரிகளில் பெரும்பாலானோர் நம்மவர்கள் என்பதைச் சொல்லாமல் விடுவதும் ஒருவகை விரிப்புத்தான்.

மீண்டும் உங்கள் முற்றத்து வண்டிக்கு வருவோம். வாங்குபவர் வருகிற நாளில் விரிப்பு வெளியே கிடக்கட்டும். தளத்தையும் அடிப்புறத்தையும் பார்க்க அவருக்கு ஒரு டோர்ச்சும் திருப்புளியும் நீங்களே கொடுங்கள். எஞ்சினை முன்கூட்டி சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதை அவர் காதால் கேட்க வேண்டும். ஓட்டிப் பார்க்கக் கேட்டால், அவருடைய அனுமதிப்பத்திரம் அந்த நிறைக்குப் போதுமானதா, காப்புறுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். நிறைத் துண்டு, தளம் போட்ட பற்றுச்சீட்டு, கடன் தீர்த்த கடிதம், பழைய பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் ஓர் உறையில் இருக்கட்டும். தெரிந்த குறைகளை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் நீண்டால் விலை இறங்கும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் பட்டியலோடு விற்ற வண்டிக்காக யாரும் இரவில் கதவு தட்டமாட்டார்கள்.

பணம் வங்கியில் உங்கள் கணக்குக்கு உண்மையாகவே வந்து சேர்ந்ததை வங்கியிடம் உறுதி செய்த பின்னரே சாவியைக் கொடுங்கள். அவருடைய தொலைபேசித் திரையில் காட்டுவது போதாது. பதிவுப் புத்தகத்தின் புதியவருக்குரிய துண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, வண்டி கைமாறியதை டீ.வீ.எல்.ஏ. எனப்படும் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு அன்றைக்கே அறிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கிழமை அவர் வேகமாக ஓடியதற்கான தண்டப் பத்திரம் உங்கள் வீட்டுக்கு வரும். 2014 ஒக்டோபர் முதல் அங்கே வாகன வரி வண்டியோடு கூடப் போவதில்லை. உங்களுக்கு மிச்ச மாதங்களுக்கான வரி திரும்பக் கிடைக்கும், வாங்குபவர் புதிதாகக் கட்டிவிட்டுத்தான் வீதியில் ஏற வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நேரத்தில் விரிப்பைச் சுருட்டி ஏற்றிக் கொடுத்துவிடலாம், இரண்டு பேர் பிடித்தால்தான் அது அசையும்.